மணலுக்குள் ஒரு ஊர், நுரைக்குள் ஒரு ஆறு - இரண்டு நாள் சுற்றுலா

விடுமுறை என்றாலே ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஓசூரில் இருக்கும் எங்களுக்கு வருஷம் முழுக்க ஊட்டி மாதிரி குளிர்தான்! அதனால் மலைக்குப் போகும் ஆசை எங்களுக்கு அவ்வளவாகக் கிடையாது. எங்கள் பிள்ளைகள் கேட்பதெல்லாம் மணலும் தண்ணீரும்தான். "கடலுக்குப் போலாம்மா" என்று ஒவ்வொரு லீவுக்கும் நச்சரிப்பார்கள். கடல் இங்கிருந்து வெகு தூரம். ஆனால், கடல் இல்லாமலே மணல் மேடு மேடாகக் குவிந்து கிடக்கிற ஒரு இடம், காலையில் கிளம்பினால் இரவுக்குள் வீடு திரும்புகிற தூரத்தில் இருக்கிறது என்று எத்தனை சகோதரிகளுக்குத் தெரியும்?

அதுதான் தலக்காடு. கர்நாடக மாநிலம் மைசூர் மாவட்டத்தில், காவிரிக் கரையில் இருக்கிறது. சனிக்கிழமை தலக்காடு, ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாவட்டத்து அணைகளும் ஏரியும் என்று இரண்டு நாள் போய் வந்தோம். பார்த்ததையும், பார்த்து யோசித்ததையும் மலர் வாசகிகளோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஐப்பசிதான் சரியான மாதம்

ஆயுத பூஜை வந்தால் ஓசூரே வேறு மாதிரி ஆகிவிடும். சிப்காட் கம்பெனிகளில் மெஷினுக்கெல்லாம் மாலை போட்டு, தெருவெல்லாம் பூசணிக்காய் உடைத்து, போனஸ் பேச்சாகவே இருக்கும். அந்த வாரம் எங்கும் கூட்டம். மைசூர் தசராவுக்குப் போகிறவர்கள் வேறு சாலையை அடைத்துக்கொண்டு போவார்கள். அதனால் நாங்கள் தசரா முடியட்டும் என்று காத்திருந்து, புரட்டாசி கழிந்து ஐப்பசி பிறந்த முதல் சனி, ஞாயிறைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டு நாளாக மழையும் விட்டிருந்தது. வெயில் அதிகம் இல்லை. ஆற்றிலும் தண்ணீர் இருக்கும், வயலிலும் பச்சை இருக்கும்.

நாங்கள் நான்கு பேர், என் மாமியார், எதிர்வீட்டுக் குடும்பம் என்று ஒரு வேன் வாடகைக்கு எடுத்தோம். எதிர்வீட்டுப் பெண்ணுக்குத் தாய்மொழி தெலுங்கு. கன்னடமும் தமிழும் தண்ணீர் பட்ட பாடு. எங்கள் ஊரில் இது அதிசயமே இல்லை. காய்கறிக்காரரிடம் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம், ரேஷன் கடையில் தமிழ் என்று மூன்றும் பேசினால்தான் ஓசூரில் குடித்தனம் நடக்கும்!

சமையலையும் இரண்டு வீடும் பங்கு போட்டுக்கொண்டோம். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் என் பங்கு. தயிர் சாதமும் நிப்பட்டும் அவள் பங்கு. அவித்த வேர்க்கடலை ஒரு பை. அவ்வளவுதான். இட்லி, சட்னி, வடை என்று இழுத்துவிட்டுக்கொண்டு, விடிகாலை 2 மணிக்கு எழுந்து அடுப்படியில் நிற்பதென்றால் அந்தச் சுற்றுலா நமக்கு எதற்கு? போகும்போது வேனில் தூங்கி, வந்ததும் பாத்திரம் தேய்ப்பதற்கா? இரண்டு வீட்டு ஆண்களும் தட்டு, டம்ளர், தண்ணீர் கேன், பாய் எல்லாம் தங்கள் பொறுப்பு என்று முதல் நாளே ஒப்புக்கொண்டார்கள். இதை மட்டும் எல்லாச் சகோதரிகளும் முதலில் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

போகும் வழி

விடிகாலை 5 மணிக்குக் கிளம்பினோம். அத்திப்பள்ளி, ஆனேக்கல் வழியாகப் போய் கனகபுரா சாலையைப் பிடித்து, சாத்தனூர், ஹலகூர், மளவள்ளி தாண்டினால் தலக்காடு. வழியெல்லாம் ராகி வயல். கதிர் பிடித்து நின்றது. கனகபுரா பக்கம் மல்பெரித் தோட்டங்கள். நம் தேன்கனிக்கோட்டைப் பக்கம் போலவே அங்கும் பட்டுப்பூச்சி வளர்ப்பவர்கள் உண்டு.

தமிழ்நாட்டு வண்டி கர்நாடகத்துக்குள் நுழைய பர்மிட் எடுக்க வேண்டும். அந்தச் செலவு வாடகையில் சேருமா, நம் தலையில் விழுமா என்று வேன்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். நடுவழியில் பேசினால் மனக்கசப்புதான்.

வழியில் டீ குடித்து, பெட்ரோல் பங்கில் பெண்கள் கழிப்பிடம் போய்விட்டு, தலக்காட்டில் இறங்கும்போது மணி ஒன்பது தாண்டிவிட்டது.

காலுக்கடியில் கோயில்கள்

வேனை விட்டு இறங்கினால் முதலில் கண்ணில் படுவது தைல மரங்களும் சவுக்கு மரங்களும்தான். "எங்கேம்மா மணல்?" என்று பையன் முகம் வாடிவிட்டது. பத்தடி நடந்ததும் செருப்பு புதைந்தது. அதற்கப்புறம் பார்த்தால் ஏறுவதும் மணல், இறங்குவதும் மணல். மேடும் பள்ளமுமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பிள்ளைகள் மேட்டின் மேலிருந்து கீழே சறுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பையனின் ஒரு செருப்பு அந்த மணலிலேயே போனது போனதுதான். இன்று வரை கிடைக்கவில்லை!

இந்த மணலுக்குக் கீழே 30-க்கும் மேற்பட்ட கோயில்கள் புதைந்து கிடப்பதாகச் சொல்கிறார்கள். தலக்காடு சாதாரண ஊர் இல்லை. மேலைக் கங்கர்களின் தலைநகரமாக நூற்றாண்டுக் கணக்கில் இருந்தது. 1004-ம் ஆண்டு வாக்கில், ராஜராஜ சோழன் காலத்தில், சோழர்கள் இதைப் பிடித்து ராஜராஜபுரம் என்று பெயர் வைத்தார்கள். இங்கே தமிழ்க் கல்வெட்டுகளும் கிடைத்திருக்கின்றன. நூறு வருஷத்துக்கு மேல் கழிந்து, ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் சோழர்களை வென்று ஊரைப் பிடித்தான். அந்த வெற்றிக்காக 1117-ம் ஆண்டு வாக்கில் கட்டியதுதான் கீர்த்தி நாராயணர் கோயில்.

வைத்தியேஸ்வரர், பாதாளேஸ்வரர், மருளேஸ்வரர், அர்க்கேஸ்வரர், மல்லிகார்ஜுனர் என்று ஐந்து சிவன் கோயில்களைச் சேர்த்துப் பஞ்சலிங்கம் என்கிறார்கள். இதில் மல்லிகார்ஜுனர் கோயில் ஊரை விட்டுத் தள்ளி முடுகுத்தொரை குன்றின் மேல் இருக்கிறது. கார்த்திகை மாதத்துத் திங்கட்கிழமையும் குறிப்பிட்ட நட்சத்திரமும் கூடி வருகிற வருஷத்தில் மட்டும் பஞ்சலிங்க தரிசனம் என்ற விழா நடக்கும். 2009, 2013, 2020 ஆகிய வருஷங்களில் நடந்தது. பாதாளேஸ்வரரைப் பார்க்கப் படியிறங்கிப் பள்ளத்துக்குள் போக வேண்டும். சுற்றிலும் மணல் சுவர் மாதிரி நிற்கிறது. கிணற்றுக்குள் கோயில் இருப்பது போலத் தோன்றியது.

வைத்தியேஸ்வரருக்கு ஒரு கதை உண்டு. தலா, காடா என்று இரண்டு வேடர்கள். யானைகள் வந்து பூஜை செய்த ஒரு மரத்தை அவர்கள் கோடாலியால் வெட்டினார்களாம். மரத்திலிருந்து ரத்தம் வந்தது. அந்த மரத்தின் இலையையும் காயையும் காயத்தில் வைத்துக் கட்டினால் ஆறும் என்று அசரீரி சொல்ல, அப்படியே செய்ததும் ரத்தம் நின்றதாம். தனக்கே மருந்து சொன்ன சாமி என்பதால் வைத்தியநாதர். வேடர்கள் பெயர் சேர்ந்துதான் தலக்காடு ஆனதாம்.

அலமேலம்மாவின் சாபம்

மணல் எப்படி வந்தது என்று கேட்டால், அங்கே யாரைக் கேட்டாலும் அலமேலம்மா கதையைத்தான் சொல்வார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விஜயநகரப் பிரதிநிதியாக இருந்தவரின் மனைவி அலமேலம்மா. 1610-ல் மைசூர் ராஜா உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றினார். ரங்கநாயகி அம்மனுக்குச் சாத்துகிற நகைகள் அலமேலம்மாவிடம் இருந்தன. அதைக் கேட்டு ஆட்கள் துரத்த, அவர் நகைகளோடு மாலங்கி என்ற இடத்தில் காவிரியில் குதித்துவிட்டார். குதிக்கும்போது, தலக்காடு மணலாகப் போகட்டும், மாலங்கி ஆழமான மடுவாகட்டும், மைசூர் ராஜாக்களுக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும் என்று சாபம் கொடுத்தார் என்பது கதை. மைசூர் அரண்மனையில் அலமேலம்மாவுக்கு இன்றும் பூஜை நடக்கிறது.

எதிர்வீட்டுப் பெண் இந்தக் கதையைக் கன்னடமும் தமிழும் கலந்து சொல்லச் சொல்ல, எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டோம். ஒன்பதாவது படிக்கும் என் மகள் மட்டும், "சாபம் விட்டா மணல் எப்பிடிம்மா நடந்து வரும்?" என்றாள்.

நியாயமான கேள்விதான். மணல் நடந்துதான் வந்திருக்கிறது, ஆனால் காற்றின் காலால்! காவிரி இந்த இடத்தில் வளைந்து திரும்புகிறது. ஆறு திரும்பும்போது உள் வளைவில் வேகம் குறைந்து மணலைப் போட்டுவிட்டுப் போகும். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் அந்த மணல் காய்ந்து கிடக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கிற தென்மேற்குப் பருவக்காற்று அதைத் தூக்கிக் கரைமேல் ஊருக்குள் கொட்டும். வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஊரே மூடிப் போனது. தலக்காட்டுக்கு மேலே 14-ம் நூற்றாண்டில், விஜயநகர ஆட்சியில், மாதவ மந்திரி பெயரில் ஒரு அணைக்கட்டு கட்டினார்கள். அதனால் ஆற்றில் தண்ணீர் குறைந்து, மணல் வெளியே தெரிய ஆரம்பித்ததுதான் காரணம் என்று ஆராய்ச்சியாளர்களில் சிலர் சொல்கிறார்கள். இப்போது அங்கே நிற்கிற தைலமும் சவுக்கும் மணல் நகராமல் பிடித்து வைக்க நட்டவைதான்.

மாமியார் தோண்டிய ஊற்று

கோயில்களைப் பார்த்துவிட்டு ஆற்றுப் பக்கம் வந்தோம். பரிசல்காரர்கள், மீன் வறுக்கிற கடைகள், குளிக்கிற கூட்டம் என்று ஒரு சின்னக் கடற்கரை மாதிரி இருந்தது.

என் மாமியாருக்கு வயது அறுபத்தெட்டு. மூட்டு வலி. "நான் எதுக்கும்மா, எனக்கு ஒரு ஆளு வேணும் கையப் புடிக்க. நீங்க போயிட்டு வாங்க" என்றுதான் முதலில் சொன்னார். நான் விடவில்லை. அவர் பிறந்து வளர்ந்தது காவேரிப்பட்டணம் பக்கம், தென்பெண்ணை ஆற்றங்கரைக் கிராமம். கல்யாணமாகி வந்து, அப்புறம் பிள்ளையோடு ஓசூருக்கு வந்து, காம்பவுண்டு வீட்டில் குழாயடியைப் பார்த்தபடி இத்தனை வருஷம் கழித்துவிட்டார். ஆற்றில் கால் வைத்து எத்தனை வருஷம் ஆயிற்றோ!

ஈரமணலில் பாய் விரித்து உட்கார வைத்தோம். கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தண்ணீரிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி, கையாலேயே மணலைப் பறிக்க ஆரம்பித்தார்.

"என்னா அத்தை தேடறீங்க?" என்று கேட்டேன்.

"சும்மா இரு கண்ணு. பாரு வேடிக்கைய" என்றார்.

முழங்கை ஆழம் வந்ததும் அடியில் தண்ணீர் கசிந்தது. முதலில் கலங்கல். அதைக் கையால் வாரி வாரி வெளியே ஊற்றினார். மூன்று நான்கு தடவை இறைத்ததும் கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர் ஊறி நின்றது. பிள்ளைகள் சறுக்குவதை விட்டுவிட்டு ஓடி வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். பையன், "பாட்டி, குழாய் எங்க இருக்கு?" என்று கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

"இதான்டா எங்களுக்குக் குழாய். காலையில எந்திரிச்சா குடத்தத் தூக்கிக்கினு ஆத்துக்குத்தான் போவோம். ஆளுக்கு ஒரு ஊத்து. தேங்காத் தொட்டியில மொண்டு மொண்டு ஊத்துவோம். ஆத்துத் தண்ணி கலங்கிப் போனாலும் ஊத்துத் தண்ணி கலங்காது. மணலு வடிகட்டிக் குடுத்துரும்" என்றார்.

அந்தச் சமயத்தில் மாமியார் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அன்றைக்கு எந்தத் தோழி எந்த இடத்தில் ஊற்று தோண்டுவாள், யார் ஊற்றை யார் கலக்கியதால் சண்டை வந்தது, பொங்கலுக்கு ஆற்றில் என்ன விளையாட்டு என்று ஒரு மணி நேரம் பேசினார். என் கணவருக்கே இதெல்லாம் புதுசு. "அம்மா இத்தன நாளா இதெல்லாம் சொன்னதே இல்லியே" என்றார். "நீ எப்படா கேட்ட?" என்று ஒரே போடு போட்டார் மாமியார்.

கடைசியில் எழுந்திருக்கும்போது அவர் சொன்னதை மட்டும் மறக்க முடியாது. "மணலு ஆத்துக்குள்ள இருந்தா ஊத்து இருக்கும். ஆத்த உட்டு வெளிய வந்தா ஊரு இருக்காது. எது எங்க இருக்கணுமோ அங்க இருக்கணும்."

எங்கள் பக்கத்து ஆறுகளில் மணல் வேறு வழியில் வெளியே போயிற்று. லாரியில்! அதனால் ஊருக்கு மேல் மணல் குவியவில்லை. ஆனால் ஊற்று போய்விட்டது.

தண்ணீரில் கவனம்

இங்கே ஒரு எச்சரிக்கை. தலக்காட்டில் காவிரி பார்க்க முழங்கால் ஆழம் போலத்தான் இருக்கும். ஆனால் மணல் ஆற்றில் தரை ஒரே சீராக இருக்காது. இரண்டடி தள்ளி வைத்தால் ஆள் ஆழப் பள்ளம் இருக்கலாம். காலுக்கடியில் மணலும் நழுவும். இந்த மாதிரி இடங்களில் குளிக்கப் போய் உயிரை விட்டவர்கள் உண்டு. அதனால் நாங்கள் சில கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம்.

பிள்ளைகளுக்குக் கணுக்கால் ஆழம்தான் எல்லை. இரண்டு பெரியவர்கள், சாப்பிடும் நேரத்திலும் தண்ணீரைப் பார்த்தபடிதான் உட்கார வேண்டும். லைஃப் ஜாக்கெட் கொடுக்காத பரிசலில் ஏறக் கூடாது. புடவை நனைந்தால் கல் மாதிரி கனக்கும், காலைச் சுற்றும். அதனால் நாம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கவே கூடாது. ஒருவர் தவறி விழுந்தால் புடவையையோ, துண்டையோ, கயிற்றையோ கரையிலிருந்து வீசிப் பிடித்து இழுக்க வேண்டுமே தவிர, நீச்சல் தெரியாதவர் ஒருவர் பின் ஒருவராகக் குதிக்கக் கூடாது.

பதினொரு மணிக்கு மேல் மணல் சுட ஆரம்பித்துவிடும். அதற்குள் மணல்மேடும் கோயிலும் பார்த்து முடித்துவிடுங்கள். வயதானவர்களுக்கு ஒரு கைத்தடியும் பழைய காலுறையும் எடுத்துப் போனால் மணலில் நடக்கச் சுலபமாக இருக்கும்.

திரும்பும் வழியில் நேரம் இருந்தால் சிவசமுத்திரம் அருவியைப் பார்க்கலாம். அங்கே காவிரித் தண்ணீரில் எடுத்த மின்சாரம் 1902-லேயே கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போயிற்று. நாங்கள் பிள்ளைகள் களைத்துப் போனதால் நேரே வீடு திரும்பினோம். இரவு 9 மணிக்கெல்லாம் வீடு. மீதியிருந்த தயிர் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்ததுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை: நம் ஊர் ஆறு

மறுநாள் அவசரமில்லாமல் கிளம்பினோம். முதலில் ஓசூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் கெலவரப்பள்ளி அணை. அங்கே போனதும் பிள்ளைகள் குதித்தார்கள். "அம்மா, பனி! பனி!" மதகுக்குக் கீழே ஆறு முழுக்க வெள்ளை வெளேரென்று நுரை. காற்றடித்தால் பஞ்சு மாதிரி பிய்ந்து பறந்தது. பக்கத்தில் போனதும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். சாக்கடை வாடை.

"ஆத்துக்கு யாரும்மா இவ்ளோ சோப்பு போட்டது?" என்று பையன் கேட்டான். சிரிப்பு வரவில்லை எனக்கு.

தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. அங்கே அதற்குத் தட்சிண பினாகினி என்று பெயர். பெங்களூருக்குக் கிழக்கே ஓடி வந்து ஓசூர் அருகே தமிழ்நாட்டில் நுழைகிறது. பெங்களூரின் ஒரு பகுதிக் கழிவுநீர் பெல்லந்தூர் ஏரிக்கும், அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கும் போய், கடைசியில் இந்த ஆற்றில்தான் சேருகிறது. பெல்லந்தூர் ஏரியில் 2017 பிப்ரவரியில் தீப்பிடித்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். தண்ணீரில் தீ! அந்த ஏரித் தண்ணீர் வருகிற வழியில்தான் நாம் இருக்கிறோம். மழைக்காலத்தில் தண்ணீர் அதிகம் வந்து மதகு திறக்கும்போது, மேலிருந்து விழுகிற வேகத்தில், மோர் கடைகிற மாதிரி தண்ணீர் கடைபட்டு, அதில் கரைந்திருக்கிற சோப்பெல்லாம் நுரையாகப் பொங்குகிறது. கம்பெனிக் கழிவுகளும் கலப்பதாக விவசாயிகள் பல வருஷமாகப் புகார் சொல்லி வருகிறார்கள்.

மாமியார் வேனை விட்டு இறங்கவே இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இதுதான் எங்க ஊருக்கு வருதா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் அத்தை, இதே ஆறுதான். இங்கிருந்து கிருஷ்ணகிரி அணைக்குப் போய், காவேரிப்பட்டணம் தாண்டி, சாத்தனூர் அணை, திருக்கோவிலூர் வழியாகக் கடலூர் பக்கம் கடலில் கலக்கிறது.

அணை, பூங்கா, மீன் வறுவல்

அங்கிருந்து கிருஷ்ணகிரி ஒரு மணி நேரம். கே.ஆர்.பி. அணை என்று எல்லோரும் சொல்கிற கிருஷ்ணகிரி அணை, காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது 1957-ல் திறக்கப்பட்டது. முழு உயரம் 52 அடி. ஒன்பதாயிரம் ஏக்கருக்கு மேல் இந்தத் தண்ணீரை நம்பிப் பாசனம் நடக்கிறது. 2017 நவம்பர் 29-ந் தேதி முதல் மதகின் ஷட்டர் உடைந்து, தேக்கி வைத்த தண்ணீர் ஆற்றில் போனது எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. பிறகு ஷட்டர்களைப் புதிதாக மாற்றினார்கள்.

அணைக்கு முன்னால் பூங்கா. மர நிழல், ஊஞ்சல், புல்தரை. பிள்ளைகளை விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பெண்களும் மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்தோம். அன்று புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு. கேட்க வேண்டுமா? ஒரு மாதம் விரதம் இருந்த வாயெல்லாம் மீன் கடைக்கு முன்னால்தான்! கே.ஆர்.பி. அணை மீன் வறுவலுக்குப் பேர் போனது. அன்றைக்கு மதியம் நாங்கள் சமைக்கவில்லை. மீனும் சோறும் கடையில். சைவம் சாப்பிடுகிற எதிர்வீட்டு அம்மாவுக்குக் காலையில் கட்டி வந்த எலுமிச்சை சாதம்.

சாயங்காலம் அவதானப்பட்டி ஏரி. கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் போகும் சாலையில், ஊருக்கு மிகப் பக்கத்திலேயே படகு இல்லமும் சிறுவர் பூங்காவும் இருக்கின்றன. பிள்ளைகள் மிதி படகில் ஒரு சுற்று போனார்கள், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான். தொலைவில் கிருஷ்ணகிரி மலை, ஏரித் தண்ணீரில் அதன் நிழல். பெரிய செலவு எதுவும் இல்லாமல் ஒரு மாலை நேரம் போனது.

நம் கையில் இருப்பது

ஊருக்கு வந்து இரண்டு நாள் அந்த நுரை என் கண்ணை விட்டுப் போகவில்லை. பெரிய நகரத்துச் சாக்கடையைச் சுத்தம் செய்வது அரசாங்க வேலை. இரண்டு மாநில அரசுகளும் சேர்ந்து செய்ய வேண்டியது. கம்பெனிக் கழிவைத் தடுப்பதும் அவர்கள்தான். அதைக் கேட்பது நம் உரிமை. கிராம சபையிலோ, வார்டு கவுன்சிலரிடமோ, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலோ பெண்கள் போய்க் கேட்டால் அதற்கு மதிப்பு உண்டு.

ஆனால் அந்த நுரையில் இருப்பது சோப்பும்தான். அது ஒவ்வொரு வீட்டுத் துணி துவைக்கிற கல்லிலிருந்தும், மெஷினிலிருந்தும், பாத்திரம் தேய்க்கிற தொட்டியிலிருந்தும் போனது. ஓசூர் வீடுகளின் தண்ணீரும் எங்கோ ஒரு ஏரிக்கோ ஓடைக்கோதான் போகிறது. அதனால் இரண்டு வீடும் சில விஷயம் பேசி முடிவு செய்தோம்.

சோப்புத்தூளைக் கைக்கு வந்தபடி கொட்டாமல் ஸ்பூன் கணக்கில் போடுவது. நுரை அதிகம் வந்தால்தான் அழுக்குப் போகும் என்பது வெறும் நம்பிக்கை. பாஸ்பேட் இல்லாத தூள் என்று பாக்கெட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது. பாஸ்பேட்தான் ஏரியில் ஆகாயத்தாமரைக்கு உரமாகிறது. எண்ணெய்ப் பாத்திரத்தை முதலில் பழைய காகிதத்தால் துடைத்துவிட்டுத் தேய்ப்பது. சீயக்காய்த் தூளும் சாம்பலும் நம் பாட்டிமார் காலத்துச் சமாசாரம்தான், ஆனால் இரும்பு வாணலிக்கும் பித்தளைக்கும் இன்றும் போதும். அரிசி களைந்த தண்ணீரையும் காய் கழுவிய தண்ணீரையும் செடிக்கு ஊற்றுவது.

இதனால் மட்டும் தென்பெண்ணை தெளிந்துவிடும் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் கேள்வி கேட்கப் போகிறவர்கள் கை சுத்தமாக இருந்தால் குரலும் கொஞ்சம் உறுதியாக வரும் அல்லவா?

சகோதரிகளுக்கு இன்னும் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எங்கே போனாலும், "எனக்கு எதுக்கும்மா" என்று சொல்கிற வீட்டுப் பெரியவர்களை வற்புறுத்திக் கூட்டிப் போங்கள். புத்தகத்தில் இல்லாத பாடம் அவர்களிடம் இருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஊற்றுத் தோண்டத் தெரியும்? என் மகன் இப்போது வீட்டுக்குப் பின்னால் மண்ணைக் கண்டால் குச்சியால் குத்திப் பார்க்கிறான். தண்ணீர் வரவில்லை. "இன்னும் ஆழமா தோண்டணுமா பாட்டி?" என்று கேட்கிறான். ஓசூரில் போர்வெல்லே ஆயிரம் அடிக்குப் போகிற காலத்தில், பாவம் பாட்டி என்ன பதில் சொல்வார்!

- ஒரு வாசகி, ஓசூர்.